குறட்டைக்குக் காசா?

குறட்டை என்றால் எங்களுக்குச் சிரிப்புத்தான். கலியாண வீட்டுக்கு வந்து விறாந்தையில் படுத்த பெரியப்பாவின் குறட்டையை அடுத்த கலியாணம் வரைக்கும் சொல்லிச் சிரிப்போம். அமெரிக்காவிலும் அப்படித்தான் போல. அங்கே முன்னாள் படைவீரர்களைப் பற்றி ஒரு பகிடி கொஞ்சக் காலமாக ஓடுகிறது. நாலு வருசம் ஆமியில இருந்திட்டு வந்து குறட்டை விட்டால் போதும், சாகும் வரைக்கும் மாசம் ஆயிரம் டொலர் எண்டு. பகிடியாகத் தொடங்கியது இப்போது பத்திரிகைக் கட்டுரையாகவும் அரசியல்வாதிகளின் பேச்சாகவும் வந்துவிட்டது. "ஏமாற்றுகிறார்கள்" என்று ஒரு பக்கம், "நாட்டுக்காக உடம்பைக் கெடுத்தவர்களை அவமதிக்கிறீர்கள்" என்று மற்றப் பக்கம்.

என்ர கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். அந்தப் பகிடி பிழை. ஆனால் பகிடிக்கு இடம் கொடுத்த சட்ட வரியும் வடிவாக எழுதப்பட்டதில்லை. அதைத் திருத்த 2022 இல் கொண்டுவந்த யோசனையோ இன்னும் மோசம்.

முதலில் வருத்தம் என்ன எண்டு பார்ப்பம். ஸ்லீப் அப்னியா என்பது வெறும் குறட்டை இல்லை. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. குறைந்தது பத்து விநாடிக்கு மூச்சு நின்றுவிடும், அல்லது நன்றாகக் குறைந்துவிடும். இரத்தத்தில் ஒக்சிசன் இறங்க, மூளை பயந்து உடம்பை உலுப்பும். ஆள் பெரிய சத்தத்தோடு ஒரு மூச்சு இழுத்துவிட்டு, முழிப்பு வந்ததே தெரியாமல் திரும்ப நித்திரையாகிவிடுவார். இது மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 தரம் நடந்தால் லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேலே கடுமையானது. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம். ஏழு மணித்தியாலம் படுத்தால் 210 தரம். காலையில் தலையிடி, பகலில் வேலை செய்யும் இடத்தில் தூக்கம், வாகனம் ஓட்டும்போது கண் சொருகல். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் குழப்பம், பாரிசவாதம் வரைக்கும் போகும்.

இந்த வருத்தத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வருத்தக்காரனுக்கு அது தெரியாது. வயிற்றுக் குத்து வந்தவன் டொக்டரிடம் போய்ச் சொல்லுவான். இதில் சாட்சி எப்போதும் பக்கத்தில் படுக்கிற ஆள்தான், மனைவியோ அடுத்த கட்டிலில் படுத்த சிப்பாயோ. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கோ. இழப்பீட்டுக் கதையின் பாதிச் சிக்கல் இங்கேதான் கிடக்கிறது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களம் என்று ஒன்று. வீஏ என்று சொல்லுவார்கள். சேவையால் வந்த ஒவ்வொரு உடற்குறைக்கும் அது ஒரு வீதம் போடும். ஸ்லீப் அப்னியாவுக்கு 6847 என்று ஒரு இலக்கம் இருக்கிறது. 1996 இல் எழுதிய அட்டவணை. பரிசோதனையில் வருத்தம் தெரிகிறது, ஆனால் அறிகுறி இல்லை என்றால் 0 வீதம். பகலில் விடாமல் தூக்கம் வந்தால் 30. சிபாப் போன்ற மூச்சு உதவி மெசின் தேவைப்பட்டால் 50. நாட்பட்ட சுவாசச் செயலிழப்போ, அதனால் வந்த இதயப் பாதிப்போ, தொண்டையில் துளை போடவேண்டிய நிலையோ வந்தால் 100. 2025 இன் கணக்கில் தனி ஆளுக்கு 50 வீதம் என்றால் மாதம் ஏறத்தாழ 1,100 டொலர். 30 வீதம் அதில் பாதிதான். பகிடியில் வரும் "ஆயிரம் டொலர்" இதுதான். 50 வீதம் வந்தால் இன்னொன்றும் கிடைக்கிறது: வீஏ வைத்தியசாலைகளில் முதலாம் முன்னுரிமைப் பிரிவு, சிகிச்சைக்குக் கையிலிருந்து காசு கட்டத் தேவையில்லை.

(வீஏவின் கணக்கு வேறு ஒரு உலகம். 50 உம் 30 உம் அங்கே 80 இல்லை. முதலில் 50 போனால் மிஞ்சுவது அரைவாசி மனிதன். அந்த அரைவாசியில் 30 வீதம் 15. மொத்தம் 65, அதைப் பத்துக்குக் கிட்டவாக்கி 70. சின்ன வகுப்பில் எங்கட கணக்கு ரீச்சர் பார்த்தால் பிரம்பெடுப்பா.)

இப்போது வரியைத் திரும்ப வாசியுங்கோ. 50 வீதத்துக்கு அளவுகோல் என்ன? மூச்சு எத்தனை தரம் நிற்கிறது என்பதில்லை, ஒக்சிசன் எவ்வளவு இறங்குகிறது என்பதுமில்லை. மெசின் தேவையா இல்லையா, அவ்வளவுதான். மணிக்கு 8 தரம் மூச்சு நிற்கிறவருக்கும் 80 தரம் நிற்கிறவருக்கும் டொக்டர் மெசின் எழுதிக்கொடுத்தால் ஒரே 50. வருத்தத்தை அளக்க வேண்டிய இடத்தில் சாமானை அளந்திருக்கிறார்கள். பகிடி பிறந்தது இந்தப் பொந்துக்குள்ளால்தான்.

ஆனால் பகிடி அடிக்கிறவர்கள் சொல்லாமல் விடுவது, அந்த 50 ஐ எடுக்க முதல் தாண்டவேண்டிய வேலிகளை. வீஏ மூன்று விஷயம் கேட்கும். இப்போது வருத்தம் இருக்கிறது என்பதற்கு நித்திரைப் பரிசோதனை முடிவு. சேவைக் காலத்தில் ஏதோ நடந்தது என்பதற்குச் சான்று. அந்த இரண்டையும் முடிச்சுப் போடுகிற வைத்திய அபிப்பிராயம். முதலாவது லேசு, மூன்றாவதுக்கு டொக்டர் வேண்டும். ஆட்கள் விழுகிறது பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

யோசித்துப் பாருங்கோ. 2005 இல் ஈராக்கில் 22 வயதுப் பெடியன் ஒருவன். கூடாரத்துக்குள்ளே இருபது பேர், வெளியில் ஜெனரேற்றர் சத்தம். அவன் குறட்டை விடுகிறான், இடையிடையே மூச்சு நிற்கிறது. மற்றவர்கள் சப்பாத்தால் எறிகிறார்கள். இதை யார் போய் வைத்தியக் கூடாரத்தில் பதியப்போகிறார்கள்? பகலில் தூக்கம் தூக்கமாக வருது எண்டால், அங்கே எல்லாருக்கும்தான் வருது. அவன் வீட்டுக்கு வந்து, கலியாணம் கட்டி, மனைவி பயந்துபோய் இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தால் வருடம் 2015. சேவைக் கோப்பில் ஒரு வரியும் இல்லை. "சேவைக் காலத்தில் முறைப்பாடு எதுவும் பதிவாகவில்லை" என்று மறுப்புக் கடிதம் வரும். நித்திரையில் இருந்தவனிடம், நித்திரையில் நடந்ததுக்குத் துண்டு எங்கே என்று கேட்கிற கதை.

இங்கே சட்டம் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது என்றும் சொல்லவேணும். கூட இருந்த சிப்பாயோ மனைவியோ எழுதும் கடிதத்தைச் சான்றாக எடுக்கலாம். அவர்களால் "இது ஸ்லீப் அப்னியா" என்று சொல்ல முடியாது, அது டொக்டரின் வேலை. கண்டதையும் கேட்டதையும் சொல்லலாம். அதோடு நிரூபிக்க வேண்டிய அளவு நூற்றுக்கு நூறு இல்லை, பாதிக்குப் பாதி போதும். இரண்டு பக்கத் தராசும் சமமாக நின்றால் தீர்ப்பு படைவீரர் பக்கம். சந்தேகத்தின் பலன் என்று அதற்குப் பெயர். உடம்புக்குள்ளே ஷெல் துண்டோடு சீவிக்கிற ஆட்கள் இருக்கிற ஊர்களில் இருந்து வாசிக்கும்போது அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்கிறது. அது வேறு கட்டுரை.

வருத்தம் நேரே சேவையில் தொடங்காமல், சேவையால் வந்த இன்னொரு வருத்தத்தின் பிள்ளையாகவும் வரலாம். முக்கியமாக மனவடு நோய், அவர்கள் பிரீஎஸ்டி என்று சொல்வது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்து திரும்பி, மனவடுவுக்காகச் சிகிச்சைக்கு வந்த 195 பேரை வைத்து 2015 இல் ஒரு ஆய்வு வந்தது. கேள்விக்கொத்தில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் ஸ்லீப் அப்னியா இருக்கக்கூடிய ஆட்கள் என்று தெரிந்தது. மனவடு கூடக் கூட அந்த ஆபத்தும் கூடியது. இது பரிசோதித்து உறுதிப்படுத்திய எண்ணிக்கை இல்லை, சந்தேகப் பட்டியல்தான். ஆனாலும் பெரும்பாலும் இளம் ஆட்கள். குறட்டை கிழவர்களின் வருத்தம் என்ற எண்ணம் அதோடு போய்விடவேணும்.

பரிசோதகர்கள் அடிக்கடி எழுதும் மறுப்புக் காரணம் இன்னொன்று இருக்கிறது: உடம்பு நிறை. "ஆள் பருமன், அதனால்தான் வந்தது." வைத்திய ரீதியாகப் பொய் இல்லை. பருமன் இந்த வருத்தத்தின் பெரிய காரணம். ஆனால் பருமன் எங்கிருந்து வந்தது? பரசூட்டில் குதித்து முழங்கால் போனவன் ஓட முடியாமல், நடக்க முடியாமல் பத்து வருசத்தில் முப்பது கிலோ ஏறினால்? 2017 இல் வீஏவின் சட்டப் பிரிவே ஒரு விளக்கம் கொடுத்தது. பருமனைத் தனி உடற்குறையாக எடுக்க முடியாது, ஆனால் இரண்டு வருத்தங்களுக்கு நடுவில் ஒரு படியாக எடுக்கலாம் என்று. முழங்கால், பருமன், அப்னியா என்று சங்கிலி போடலாம். பாதிப் பேருக்கு அந்தச் சங்கிலி இருப்பதே தெரியாது. பரிசோதகர் சில நேரம் ஆளைக் காணாமலே கோப்பை மட்டும் வாசித்து அபிப்பிராயம் எழுதுகிறார். நிறையைப் பார்த்தார், முழங்காலைப் பார்க்கவில்லை என்றால் கதை முடிஞ்சுது.

2022 ஆவணியில் பக்ற் சட்டம் வந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் குப்பையை, பிளாஸ்ரிக்கில் இருந்து மருந்துக் கழிவு வரைக்கும், திறந்த கிடங்கில் எண்ணெய் ஊற்றி எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில வருத்தங்கள் வந்தால் காரணம் நிரூபிக்கத் தேவையில்லை, சேவையால் வந்ததென்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆஸ்துமா, நாட்பட்ட சைனஸ், மூக்கழற்சி, பல புற்றுநோய்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஸ்லீப் அப்னியா இல்லை. இதற்காகக் கோபப்படுகிற படைவீரர்கள் நிறைய. எனக்கு அந்தக் கோபம் முழுதாக ஒட்டவில்லை. ஊரில் சாதாரண ஆட்களுக்கும் பரவலாக வருகிற வருத்தத்தைப் புகையோடு நேரே முடிச்சுப் போட விஞ்ஞானம் இன்னும் கொஞ்சம் போகவேணும். மூக்கழற்சி பட்டியலில் இருப்பதால், மூக்கடைப்பால் அப்னியா மோசமானது என்று டொக்டர் எழுதினால் அந்தப் பக்கக் கதவு திறந்துதான் இருக்கிறது.

எனக்கு வருகிற கோபம் வேற. பக்தாத்துக்கு வடக்கே பலட் என்ற ஊரில் பெரிய தளம் இருந்தது. அங்கத்தைய எரிகிடங்கு அமெரிக்கப் பத்திரிகைகளில் பெயர் போனது. வேலிக்கு உள்ளே இருந்த சிப்பாய் அந்தப் புகையைச் சுவாசித்தது ஒரு வருசம். வேலிக்கு வெளியே தோட்டம் செய்தவன் வருசக் கணக்காகச் சுவாசித்தான். பக்ற் சட்டத்தில் அவனுக்கு ஒரு படிவமும் இல்லை. "ஊரை எரிச்ச ஆமிக்காரனுக்காக ஏன் எழுதுறாய்" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கிடங்கை வெட்டச் சொன்னது சம்பளத்துக்குப் போன 22 வயதுப் பெடியன் இல்லை என்பதைத்தான் என்னால் பதிலாகச் சொல்ல முடியும்.

சரி, 2022 யோசனைக்கு வருவம். அந்த வருட மாசியில் வீஏ புதிய அட்டவணை ஒன்றை முன்மொழிந்தது. சிகிச்சையால் அறிகுறி முழுதாகப் போனால் 0 வீதம். சிகிச்சை அரைகுறையாகப் பலன் தந்தால் 10, அதாவது 2025 இன் கணக்கில் மாதம் 175 டொலர். சிகிச்சை பலன் தரவே இல்லை, அல்லது வேறு வருத்தத்தால் மெசின் போட முடியவில்லை என்றால்தான் 50. உறுப்புகளும் பாதிக்கப்பட்டால் 100. ஏற்கெனவே 50 எடுப்பவர்களுக்கு அட்டவணை மாறியதற்காக மட்டும் குறைக்க மாட்டார்கள். முன்மொழிவு உடனே நடைமுறைக்கு வரவில்லை, வருடக் கணக்கில் இழுபட்டது.

வீஏவின் நியாயம் என்ன? இழப்பீடு உழைக்கும் சக்தி குறைந்ததற்காக. மெசின் போட்டு நல்லா நித்திரை கொள்கிறவனின் உழைப்பு குறையவில்லையே என்கிறார்கள். கேட்கச் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் அதே வீஏ, காது கேளாமைக்கு எப்படி அளக்கிறது தெரியுமா? காதுக் கருவியைக் கழற்றிவிட்டு. கருவி போட்டால் எவ்வளவு கேட்கிறது என்பது கணக்கில் இல்லை, கருவி இல்லாத காதைத்தான் அளக்கவேணும் என்று அவர்களின் விதியே சொல்கிறது. காதுக்கு ஒரு நீதி, தொண்டைக்கு இன்னொரு நீதியா?

மெசின் வருத்தத்தை மாற்றவில்லை. அது தொண்டைக்குள்ளே காற்றை அழுத்தி, மூடப்போகிற கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 1980 இல் அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் முதன்முதலில் இதைச் செய்துகாட்டினார், அடுத்த வருடம் கட்டுரையாக வந்தது. இன்று வரைக்கும் தத்துவம் அதுதான். கையை எடுத்தால் கதவு மூடும். கரண்ட் போனால் அன்றிரவே வருத்தம் திரும்ப வந்துவிடும். 2022 பங்குனிக் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முகமூடி, குழாய், தண்ணித் தொட்டி, கழுவல், போகிற இடமெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. இப்படி வாழ்நாள் முழுக்க ஒரு கம்பியில் கட்டுப்பட்டுப் படுக்கிறவனைச் சுகமான ஆள் என்று 0 போடுவது எந்த ஊர் நியாயம்?

அதைவிட மோசம், யோசனை எந்தப் பக்கம் ஆளைத் தள்ளுகிறது என்பது. மெசினை ஒழுங்காகப் போட்டுப் படுப்பவனுக்கு 0, "எனக்கு இது சரிவரவில்லை" என்பவனுக்கு 50. பழைய வரி குறைந்தபட்சம் மெசினை வாங்க வைத்தது, சிலர் வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தாலும்கூட. புதியது சுகமாகாதே என்று காதுக்குள்ளே சொல்கிறது. மனவடு உள்ள ஆட்களுக்கு முகத்தை மூடிக் கட்டுகிற மெசின் ஏற்கெனவே பெரிய போராட்டம். மூச்சு முட்டுகிற மாதிரி, யாரோ அமத்துகிற மாதிரி இருக்கும், இரவில் பிடுங்கி எறிவார்கள். பொறுமையாகப் பழக்கி, முகமூடியை மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டிய நேரத்தில் காசுக் கணக்கு குறுக்கே வரக்கூடாது.

என்னிடம் கேட்டால், காதுக்குச் செய்வதைத் தொண்டைக்கும் செய்தால் போதும். மெசின் இல்லாத நிலையில் மூச்சு எத்தனை தரம் நிற்கிறது, ஒக்சிசன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வீதம் போடுங்கோ. லேசான வருத்தம் உள்ளவருக்கு 50 ஐ விடக் குறைவாகத்தான் வரும். வரட்டும். பகிடி அடிக்கிறவர்களின் வாயும் அடைபடும், ஒழுங்காகச் சிகிச்சை எடுக்கிறவனுக்குத் தண்டனையும் இருக்காது.

சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வீஏவுக்குள்ளேயே வேறு வேறு கைகள். ஒரு கை "உனக்கு வந்தது சேவையால் இல்லை" என்று மறுத்த அதே ஆளுக்கு, மற்றக் கை அதே வருத்தத்துக்கு மெசின் கொடுக்கலாம். போர்க்களத்துக்குப் போனவர்கள் சேவை முடிந்து வீஏ மருத்துவத்தில் சேர முன்பு ஐந்து வருட அவகாசம் இருந்தது, பக்ற் சட்டம் அதைப் பத்தாக்கியது. மறுப்புக் கடிதம் வந்ததும் மனமுடைந்து சிகிச்சையையும் விட்டுவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மெசினை நம்பினவர்களுக்கும் அடி விழுந்தது. 2021 ஆனியில் பிலிப்ஸ் கொம்பனி தன் சிபாப் மெசின்களை மில்லியன் கணக்கில் திருப்பி எடுப்பதாக அறிவித்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த பஞ்சு உதிர்ந்து, துகளாகவும் வாயுவாகவும் மூச்சுக்குள்ளே போகலாம் என்று. வீஏ கொடுத்த மெசின்களிலும் அவை இருந்தன. மாற்று மெசின் வரும் வரைக்கும் இரவில் எதைத் தெரிவு செய்வது, அடைபடுகிற தொண்டையா, உதிர்கிற பஞ்சா? 2024 இல் அந்தக் கொம்பனி அமெரிக்க வழக்குகளைத் தீர்க்க 1.1 பில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தது.

உண்மையான ஏமாற்று எங்கே என்று தேடுகிறவர்கள் கொஞ்சம் பக்கத்திலும் பார்க்கலாம். விண்ணப்பத்தை வென்று தருவோம் என்று விளம்பரம் போடுகிற கொம்பனிகள் அங்கே காளான் மாதிரி. கூடுகிற மாதத் தொகையின் ஐந்து ஆறு மடங்கைக் கட்டணமாகக் கேட்பார்கள். முதல் விண்ணப்பத்துக்குக் காசு வாங்கச் சட்டம் விடுவதில்லை, ஆனால் மீறினால் இருந்த தண்டனையை 2006 இல் நீக்கிவிட்டார்கள். பல்லில்லாத சட்டம். இவர்கள் பிடித்துக் கொடுக்கிற டொக்டர்கள், ஆளைக் காணாமலே ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள் எழுதுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த அதிகாரி, உண்மையான கடிதத்தையும் அதே கண்ணால் பார்ப்பார். அமெரிக்கன் லீஜன், டிஸ்ஏபிள்ட் அமெரிக்கன் வெற்றரன்ஸ் போன்ற சங்கங்கள் இதே வேலையைச் சல்லிக் காசு வாங்காமல் செய்கின்றன. விளம்பரம்தான் இல்லை.

மறுத்துவிட்டால் ஒரு வருடத்துக்குள் மூன்று வழி இருக்கிறது: புதிய சான்றோடு திரும்ப விண்ணப்பிப்பது, அதே கோப்பை மூத்த அதிகாரியிடம் பார்க்கக் கொடுப்பது, மேன்முறையீட்டுச் சபைக்குப் போவது. அப்னியா விஷயத்தில் கூடுதலாக உதவுவது முதலாவதுதான். ஏனென்றால் பெரும்பாலும் குறைவது சான்று. அதுவும் பக்கத்தில் படுத்தவரின் கடிதம். "பயங்கரமாகக் குறட்டை விடுவார்" என்று மட்டும் எழுதினால் அது எங்கள் பெரியப்பாவுக்கும் பொருந்தும். எந்த வருடம், எந்த முகாம், கட்டில்கள் எவ்வளவு கிட்ட இருந்தன, மூச்சு நின்றதை எத்தனை வரை எண்ணினார், தோளில் தட்டினபோது என்ன நடந்தது, காலையில் வாகனம் ஓட்டும்போது தூங்கி விழுந்தாரா, இதையெல்லாம் எழுதவேணும். 2005 இல் சப்பாத்தால் எறிந்தவன் இப்போது எங்கே இருக்கிறான் எண்டு தேடிப் பிடிக்கிறதுதான் முதல் வேலை.